தன் கதையை எழுதுவது எல்லோருக்கும் ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் முதியோரின் தனிமை பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். நடைப்பயிற்சி, யோகா, கோயில் சுற்றுலா, கைபேசிக் குழுக்கள் என்று மனச்சோர்வுக்குப் பல மாற்றுகளைச் சொல்லியிருந்த அக்கட்டுரை, அதிகச் செலவில்லாமல் எவரும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டது. தம் வாழ்க்கைக் கதையைத் தாமே எழுதுவதுதான் அது. அரசுப் பள்ளிகளில் நெடுங்காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். இப்படி எழுதியதால் நானும் மீண்டிருக்கிறேன், எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் என் கண்முன்னே வேறு சிலரும் மீண்டிருக்கிறார்கள் என்பதால், முதியோருக்கு மட்டுமின்றித் துயரம் கண்ட எல்லா வயதினருக்கும் பொருந்தும் இந்த விஷயத்தைச் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

இந்தப் பேச்சை எடுத்ததும் பெரும்பாலோர் சொல்லும் முதல் பதில், ‘என் கதையில எழுத என்ன இருக்கு, நான் என்ன பெரிய தலைவரா?’ என்பதுதான். தன்வரலாறு என்றால் நாடறிந்தவர்கள் தம் சாதனைகளை எழுதிவைப்பது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறிப்போயிருக்கிறது. ஆனால் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திர’த்தைப் படித்தவர்கள், அவர் அதில் தாம் பதிப்பித்த ஏடுகளின் பெருமையை மட்டும் எழுதவில்லை என்பதை அறிவார்கள். 1940 ஜனவரி முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது 122 அத்தியாயங்களோடு நின்றுபோன அந்த நூலின் பெரும்பகுதி, வசதியில்லாத ஒரு சிறுவன் படிப்பைத் தேடி ஊர் ஊராக அலைந்த கதை. குடும்பத்தின் கடனையும், தந்தையின் கவலையையும், தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பட்ட பணக்கஷ்டத்தையும், எண்பத்தைந்து வயதை எட்டிய ஒரு மகாமகோபாத்தியாயர் கூச்சமின்றி எழுதியிருக்கிறார். கட்டணம் கட்ட முடியாமல் தலைகுனிந்து நிற்கும் பிள்ளைகள் இருந்த வகுப்புகளில் நான் அந்தப் பகுதிகளைத்தான் வாசித்துக் காட்டுவேன். சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த கதையைக் காட்டிலும் அவைதாம் அவர்களை நிமிர்ந்து உட்கார வைத்தன.

துயரத்திலிருந்து மீள்வதற்காகவே எழுதப்பட்ட நூலுக்குத் தமிழில் எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் பாமாவின் ‘கருக்கு’ இருக்கிறது. ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்ற நம்பிக்கையோடு கன்னியர் மடத்தில் சேர்ந்த அவர், அங்கும் சாதி வேற்றுமையைக் கண்டு மனம் உடைந்து வெளியேறி, பிழைப்புக்கு வழியில்லாமல் நின்ற காலத்தில், தம் பிள்ளைப் பருவத்தையும் ஊரையும் தம் மக்களின் பேச்சுமொழியிலேயே எழுதத் தொடங்கினார். 1992இல் அது நூலாக வந்தது. தம் உள்ளக் காயங்களை ஆற்றிக்கொள்வதற்காகவே அதை எழுதியதாகவும், அப்போது வேறு நோக்கம் எதுவும் இருக்கவில்லை என்றும் அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். தமக்காக எழுதிய அந்தப் பக்கங்கள் ஒடுக்கப்பட்ட எத்தனையோ பேருக்குத் தம் கதையைத் தாமே சொல்லும் துணிவைத் தந்தன. நூல் வெளிவந்தபோது அவருடைய சொந்த ஊரிலேயே சிலர், தங்களைப் பற்றி எழுதிவிட்டாரே என்று கோபம் கொண்டதும் உண்டு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இவர்கள் இருவரும் நன்கு படித்தவர்கள், நமக்கு அது ஆகுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பேபி ஹல்தாரின் கதை. 1973இல் பிறந்த இந்த வங்காளப் பெண்மணிக்கு நான்கு வயதிருக்கும்போது தாய் வீட்டைவிட்டுப் போய்விட்டார். போகும்போது மகளின் கையில் பத்துப் பைசாவை வைத்துவிட்டுப் போனார். பன்னிரண்டு வயதில், தம்மைவிடப் பதினான்கு வயது மூத்த ஒருவருக்குக் கட்டிவைக்கப்பட்டார். அடுத்த ஆண்டே மடியில் குழந்தை. பல ஆண்டுகள் அடியும் உதையும் பட்டபின், மூன்று பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயிலேறி டெல்லிப் பக்கம் வந்து வீட்டு வேலை செய்து பிழைத்தார். டெல்லியை ஒட்டிய குர்கானில் அவர் வேலைக்குச் சேர்ந்த வீடு, பிரபோத் குமார் என்ற ஓய்வு பெற்ற மானிடவியல் பேராசிரியருடையது. எழுத்தாளர் பிரேம்சந்தின் பேரன் அவர். புத்தக அலமாரியைத் துடைக்கும்போது அந்தப் பெண்ணின் கை வங்க மொழிப் புத்தகங்கள் இருக்கும் இடத்தில் சற்று நின்றுவிட்டுப் போவதை அவர் கவனித்தார். முதலில் படிப்பதற்கு ஒரு புத்தகம் கொடுத்தார். பிறகு ஒரு நோட்டையும் பேனாவையும் கொடுத்து, உன் கதையை எழுது என்றார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டிருந்த அந்தப் பெண், பகலெல்லாம் வீட்டு வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் தூங்கியபின் எழுதினார். பிரபோத் குமாரே அதை இந்தியில் மொழிபெயர்க்க, 2002இல் நூலாக வெளிவந்தது. 2006இல் ஊர்வசி புட்டாலியாவின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்து, பல நாடுகளில் படிக்கப்பட்டது.

இதில் என் மனத்தைத் தொட்டது புகழ் கிடைத்த பகுதியன்று. சில இடங்களில் அவர் ‘நான்’ என்று எழுதுவதை விட்டுவிட்டு, ‘பேபி’ என்று தம்மையே வேறொரு பெண்ணைப் போல எழுதிச் செல்கிறார். தாங்க முடியாத இடங்களில் சிறிது தள்ளி நின்று பார்த்தால்தான் சிலவற்றை எழுத முடிகிறது. எவரும் சொல்லிக்கொடுக்காமல் அந்த வழியை அவர் தாமாகக் கண்டுகொண்டிருக்கிறார். அந்தப் பேராசிரியர் செய்ததும் பெரிய உதவித் திட்டம் எதுவும் இல்லை. ஒருவருடைய கையின் தயக்கத்தைக் கவனித்து, ஒரு நோட்டைக் கொடுத்து, எழுதியதைப் பொறுமையாகப் படித்தார். இதை நம்மில் யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாம்.

எனக்கும் ஒருவர் அப்படிச் செய்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த என் மகன் சாலை விபத்தில் இறந்தான். அதற்குப் பிறகு பல மாதங்கள், பள்ளிக்குப் போவதும் பாடம் நடத்துவதும் நடந்தனவே தவிர, என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு நாள்தான். காலையில் பசிக்கவில்லை என்று சொல்லித் தோசையைத் தொடாமல் அவன் கிளம்பியது, நான் வகுப்பில் இருந்தபோது வந்த தொலைபேசி, மருத்துவமனை வராந்தாவில் யாரோ என் கையில் கொடுத்த அவனுடைய கைக்கடிகாரம் என்று அதுவே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. உறவினர்கள், ‘அதையே நினைச்சுக்கிட்டிருக்காதே’ என்றார்கள். மறந்துவிடச் சொல்வதைத் தவிர வேறு ஆறுதல் நம் வீடுகளில் யாருக்கும் தெரிவதில்லை. உடன் பணிபுரிந்த மூத்த ஆசிரியை ஒருவர் மட்டும், ‘பையனைப் பத்தி எழுதும்மா. அன்னிக்கு நடந்ததை எழுத வேணாம், அவன் பொறந்ததுலேர்ந்து எழுது’ என்றார்.

அவன் பாதியில் விட்டுப்போன கல்லூரி நோட்டின் மிச்சப் பக்கங்களில் எழுதத் தொடங்கினேன். பிரசவத்துக்குத் தாய்வீடு போனது, வாழைப்பழத்தை அவன் ‘வாயப்பயம்’ என்று சொல்லித் திரிந்தது, பாமணி ஆற்றில் யாரிடமும் சொல்லாமல் நீச்சல் பழகிவிட்டு நனைந்த தலையோடு வந்து நின்றது, தமிழாசிரியை மகன் தமிழில் குறைந்த மதிப்பெண் வாங்கிய அந்த அரையாண்டுத் தேர்வு என்று ஒவ்வொன்றாக வந்தன. அந்த ஒரு நாள், அவனுடைய பத்தொன்பது ஆண்டுகளையும் என்னிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தது என்பது எழுத எழுதத்தான் எனக்குத் தெரிந்தது. அவன் இறந்த நாளுக்கு வந்து சேர்வதற்குள் அந்த நோட்டு தீர்ந்துபோய் இன்னொன்று வாங்க வேண்டியிருந்தது. அந்த நாளை எழுதியபோது அது இரண்டு பக்கங்களுக்குள் முடிந்துவிட்டது. துக்கம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். எந்தத் தாயாலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் மகனை நினைத்தால், அவன் உயிரோடு இருந்த நாட்கள் நினைவுக்கு வரத் தொடங்கின.

இது என் ஒருத்தியின் அனுபவமாக மட்டும் இருந்தால் பொதுவில் சொல்லத் தயங்கியிருப்பேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவி சாண்ட்ரா பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இத்துறையில் மிகவும் பேசப்படுவது. கல்லூரி மாணவர்களை நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் 4 நாட்கள் தொடர்ந்து எழுதச் செய்தார்கள். சிலருக்குச் சாதாரணமான தலைப்புகள் கொடுக்கப்பட்டன; மற்றவர்கள் தம் வாழ்வின் மிகப்பெரிய துயரத்தை எழுத வேண்டும். துயரத்தை எழுதியவர்களில் ஒரு பிரிவினர் நடந்ததை மட்டும் எழுதினார்கள், ஒரு பிரிவினர் உணர்ச்சிகளை மட்டும் எழுதினார்கள், இன்னொரு பிரிவினர் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். அடுத்து வந்த மாதங்களில் நோய்க்காக மருத்துவ மையத்துக்குப் போக வேண்டிய தேவை, இரண்டையும் சேர்த்து எழுதியவர்களுக்குத்தான் குறைவாக இருந்தது. ‘இது நடந்தது’ என்று எழுதுவதோ ‘ஐயோ’ என்று மட்டும் எழுதுவதோ போதவில்லை. நடந்ததும் அதனால் பட்டதும் ஒரே வாக்கியத்தில் சந்திக்க வேண்டியிருக்கிறது.

பென்னிபேக்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1997இல், இப்படி எழுதப்பட்டவற்றின் சொற்களையே எடுத்து ஆராய்ந்தார்கள். காரணத்தைக் காட்டும் சொற்களும், ஒன்றை உணர்ந்துகொண்டதைக் காட்டும் சொற்களும் முதல் நாளிலிருந்து கடைசி நாளுக்குள் யாருடைய எழுத்தில் கூடிக்கொண்டே போயினவோ, அவர்களே அதிகப் பயன் அடைந்திருந்தார்கள். தமிழ் கற்பித்தவள் என்பதால் இதை என்னால் கண்ணால் பார்க்கவே முடிந்தது. எங்கள் நூலகத்தில் எழுதுபவர்களின் ஆரம்பப் பக்கங்களில் ‘அப்புறம்’, ‘அப்புறம்’ என்றே வாக்கியங்கள் கோத்துக்கொண்டு போகும். சில வாரங்கள் கழித்து ‘அதனாலதான்’ என்று ஒரு சொல் வந்து விழும். பிறகு ஒரு நாள் ‘இப்பத்தான் தெரியுது, அம்மா ஏன் அப்படி இருந்தாங்கன்னு’ என்று ஒரு வரி. அந்த வரியைக் காணும்போது, இவர் கரையேறிவிடுவார் என்ற நம்பிக்கை எனக்கு வந்துவிடுகிறது.

இதைச் சர்வரோக நிவாரணியாக எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த முதல் ஆய்விலேயே, துயரத்தை எழுதியவர்கள் எழுதி முடித்த உடனே மற்றவர்களைவிட அதிகம் வருந்தியிருந்தார்கள். நன்மை பின்னரே தெரிந்தது. இத்தகைய 146 ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் வெளியான மதிப்பீடு, பயன் உண்மையானதுதான், ஆனால் சராசரியாகப் பார்த்தால் சிறியது என்றே சொல்கிறது. துக்கம் நடந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் நோட்டைக் கொண்டுபோய் நீட்டுவது கொடுமை. எழுதும்போது உடம்பு பதறினால், பல இரவுகள் தொடர்ந்து தூக்கம் கெட்டால், அந்த விஷயத்தை அங்கேயே நிறுத்திவிட்டு வேறொன்றை எழுத வேண்டும். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நோட்டை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். எழுத்து மருத்துவத்துக்குத் துணை செய்யும். அதன் இடத்தை எடுத்துக்கொள்ளாது.

பெரும் கொடுமைகளைக் கண்டவர்கள் இதைத் தனியாகச் செய்யக் கூடாது என்பதற்கு ஈழத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழக உளவியலாளர்கள், போரிலும் வன்முறையிலும் சிக்கியவர்களுக்காக உருவாக்கிய சிகிச்சை முறை ஒன்றில், முதலில் தரையில் ஒரு கயிற்றை நீட்டி வைக்கிறார்கள். பிறந்த நாளிலிருந்து இன்றுவரையான வாழ்க்கை அது. நல்லது நடந்த இடங்களில் பூவையும், கெட்டது நடந்த இடங்களில் கல்லையும் வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் கதையை வரிசையாகச் சொல்லச் சொல்ல ஆலோசகர் எழுதிக்கொள்கிறார். அடுத்த முறை அதை வாசித்துக் காட்ட, சொன்னவர் திருத்துகிறார், விட்டுப்போனதைச் சேர்க்கிறார். முடிவில் முழுக் கதையும் அவர் கையிலேயே கொடுக்கப்படுகிறது. போராலும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையாலும் பாதிக்கப்பட்ட வடகிழக்கு இலங்கைக் குழந்தைகள் 31 பேரிடம், பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு இந்த முறையையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த இன்னொரு முறையையும் ஆறாறு அமர்வுகளாகச் செய்து பார்த்தார்கள். 2009இல் வெளியான முடிவுகளின்படி இரண்டு முறைகளிலுமே பெரும்பாலான குழந்தைகள் தேறியிருந்தார்கள். கதை சொல்வது ஒன்றே வழி என்று ஆகிவிடவில்லை. ஆனால் கல்லை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் கயிற்றில் பூவும் இருந்ததை அந்தப் பிள்ளையே தன் கையால் வைத்துப் பார்ப்பது, எனக்கு என் மகனின் நோட்டு கற்றுத் தந்த பாடமாகவே தோன்றுகிறது.

எழுதத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்ற கேள்விக்கு விடையும் அந்த முறையிலேயே இருக்கிறது; ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதலாம். எங்கள் தெருவில் வயல் வேலை செய்தே பிள்ளைகளை ஆளாக்கிய, எண்பதைத் தொடும் மூதாட்டி ஒருவர் இருக்கிறார். கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் படிப்பு. பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் மகன்வழிப் பேத்தி, நான் கேட்டுக்கொண்டதற்காகச் சனிக்கிழமை மாலைகளில் அவர் சொல்வதை எழுதத் தொடங்கினாள். நடவுப் பாட்டும், கூலி நெல்லை மடியில் கட்டிக்கொண்டு ஓடிவந்து குத்திச் சமைத்த இரவுகளும் வந்தன. ஒரு நாள், தமக்கு முதலில் ஒரு பெண் குழந்தை பிறந்து, ஒன்றரை வயதில் வாந்தி பேதியில் போய்விட்டதைச் சொன்னார். பேத்தியின் தகப்பனாருக்கே தமக்கு ஓர் அக்காள் இருந்தது தெரியாது. ‘அதுக்கு என்ன பேரு அப்பாயி?’ என்று அந்தப் பெண் கேட்டபோது, அறுபது ஆண்டுகளுக்கு மேல் வாய்விட்டுச் சொல்லாத பெயரைச் சொன்னார். அதை எழுதச் சொல்லி, எழுதிய இடத்தில் விரலை வைத்துக் காட்டச் சொல்லி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இப்போது அந்த வீட்டில் அமாவாசைக்கு அந்தக் குழந்தைக்கும் சேர்த்தே படைக்கிறார்கள்.

முதியவர்கள் பழையதையே பேசிக்கொண்டிருந்தால் ‘புத்தி பேதலிக்கிறது’ என்று ஒதுக்கும் வழக்கம் மருத்துவ உலகிலும் ஒரு காலத்தில் இருந்தது. வாழ்க்கையைத் திரும்பிப் பார்ப்பது முதுமையில் இயல்பாக நடக்க வேண்டிய வேலை என்று அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் 1963இல் எழுதிய பிறகே அந்தப் பார்வை மாறத் தொடங்கியது. கனடாவின் ஹார்வி சோச்சினோவ் என்ற மனநல மருத்துவர், மரணத்தை நெருங்கிய நோயாளிகள் சொல்வதை ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, அவர்களிடமே வாசித்துக் காட்டி, குடும்பத்தாருக்கு விட்டுச்செல்லும் ஆவணமாக்கித் தரும் முறையை உருவாக்கி, 2005இல் அதன் முடிவுகளை வெளியிட்டார். நம் வீடுகளில் இதற்கு மருத்துவர்கூடத் தேவையில்லை. கேட்க ஒரு பேரப்பிள்ளை போதும்.

அடுத்து, ஒருவர் எழுதியது மற்றவருக்கு எப்படி ஊக்கம் தருகிறது என்பது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் வட்டாரத்தில் தென்னை வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைத் தங்கள் நாளிதழே விரிவாக எழுதியது. அப்படித் தோப்பை இழந்த விவசாயி ஒருவர், நூலகத்துக்கு நாளிதழ் படிக்க வருபவர், எங்களோடு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். மரங்கள் விழுந்ததை அவர் நாலு வரியில் முடித்துவிட்டார். அவர் பக்கம் பக்கமாக எழுதியது அதற்குப் பிந்தைய மாதங்களை: அப்பா கையால் வைத்த மரங்களை அறுக்க ஆள் கிடைக்காமல் அலைந்தது, கடன் கொடுத்தவர் வண்டிச் சத்தம் கேட்டாலே கொல்லைப்புறமாக வெளியேறியது, ஓர் இரவு அவர் மனத்தில் ஓடியதை முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்ட மனைவி விடியும்வரை கண்மூடாமல் அருகிலேயே உட்கார்ந்திருந்தது. வாசகர் வட்டக் கூட்டத்தில் தயங்கித் தயங்கி அதை வாசித்தார். வாசித்து முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் இருந்த, அவரைவிட வயதில் இளைய ஒருவர், ‘எனக்கும் அப்படித்தாண்ணே இருந்துச்சு, இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை’ என்றார். அன்று இருவரும் ஒன்றாகவே வீட்டுக்குப் போனார்கள். இளையவர் அடுத்த கூட்டத்துக்குத் தாமும் ஒரு நோட்டோடு வந்தார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அந்த விவசாயியின் கடன் இன்னும் முழுதாகத் தீரவில்லை. நட்ட கன்றுகள் இப்போதுதான் காய்ப்புக்கு வருகின்றன. அவர் கதையில் வெற்றி இல்லை. இருந்தும், தொழிலில் கோடிகள் ஈட்டியவர்களைப் பற்றி நாளிதழ்களில் வரும் கதைகளால் ஆகாதது, அந்தக் கதையால் ஆயிற்று. நொந்துபோன மனிதர், ‘நான் ஜெயித்தேன், நீயும் ஜெயிப்பாய்’ என்ற பேச்சைக் கேட்டால் தன் தோல்வியைத்தான் இன்னும் பெரிதாகக் காண்கிறார். ‘எனக்கும் இப்படி இருந்தது, இருந்தும் மறுநாள் எழுந்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ள முடிகிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கி இன்று நம் ஊர்களிலும் நடக்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்களில், குடியிலிருந்து மீண்டுவருபவர்கள் செய்வது இதையேதான். அறிவுரை சொல்வதில்லை, தம் கதையைச் சொல்கிறார்கள். அவ்வியக்கம் 1939இல் வெளியிட்ட அடிப்படை நூலின் பெரும்பகுதியும் அதன் உறுப்பினர்களின் வாழ்க்கைக் கதைகளே.

பிறருக்குக் காட்டும் எழுத்தில் பிறரும் வருகிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. பாமாவின் ஊராருக்கு வந்த கோபத்தைப் பற்றிச் சொன்னேன். மாமியார், கணவர், அண்ணன், பங்காளி என்று நம் கதைகளில் வருபவர்கள் உயிரோடு அதே தெருவில் இருப்பவர்கள். எனவே எங்கள் கூட்டத்தில் முதல் எழுத்து யாருக்கும் காட்டப்படுவதில்லை. அதில் எதையும் மறைக்க வேண்டியதில்லை, யாரை வேண்டுமானாலும் திட்டலாம். அதைச் சில மாதங்கள் பெட்டியில் வைத்துவிட்டு, மீண்டும் எடுத்துப் படித்து, நம்பிக்கையான ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அதன் பிறகும் பொதுவில் வைக்கத் தோன்றினால் பெயரையும் ஊரையும் மாற்றிப் புதிதாக எழுத வேண்டும். குடும்பத்துக்குள் அடி உதைக்கோ பாலியல் கொடுமைக்கோ ஆளானவர்களுக்கு இந்த எச்சரிக்கை இன்னும் தேவை. நோட்டு எங்கே வைக்கப்படுகிறது என்பதுகூட அவர்களுக்கு உயிர் விஷயம். அதே சமயம், ‘குடும்ப மானம்’ என்று சொல்லி அவர்களுடைய கதையை அவர்களிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும் உரிமை எவருக்கும் கிடையாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

எப்படித் தொடங்குவது என்று கேட்பவர்களிடம், பிறந்த தேதியிலிருந்து தொடங்க வேண்டாம் என்பேன். முக்கால்வாசிப் பேர் இரண்டாம் பக்கத்திலேயே களைத்துவிடுவார்கள். குடியிருந்த வீடுகளை வரிசையாக எழுதி, அதில் ஒரு வீட்டை எடுத்து, திண்ணை எங்கே, அடுப்பு எங்கே, அப்பா எங்கே உட்காருவார், சண்டை வந்தால் யார் எந்த மூலைக்குப் போவார் என்று படம் போட்டுப் பார்த்தால் போதும். மறந்துவிட்டோம் என்று நினைத்த மனிதர்கள் அந்த வீட்டுக்குள் நடமாடத் தொடங்கிவிடுவார்கள். நாள்தோறும் அரைமணி நேரத்துக்குக் குறைவாக எழுதினால் போதுமானது. ஒற்றுப்பிழை, சந்திப்பிழை பார்க்கக் கூடாது. இதைத் தமிழாசிரியை ஒருத்தியே சொல்கிறாள் என்பதால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம்.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள்கள் சில உண்டு. தங்கள் நாளிதழில் வாரம் ஒரு முறை அரைப்பக்கமாவது, சாதாரண மனிதர்கள் எழுதும் வாழ்க்கைக் கதைகளுக்கு ஒதுக்க வேண்டும். சாதனை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கூடாது. கையெழுத்துப் படியையும் ஏற்க வேண்டும், கேட்பவர்களுக்குப் பெயரை மறைக்க வேண்டும், அவரவர் வட்டாரப் பேச்சைத் திருத்தாமல் வெளியிட வேண்டும், மனநல உதவி எண்ணை ஒவ்வொரு வாரமும் அதே பக்கத்தில் அச்சிட வேண்டும். பொது நூலகத் துறையினர் கிளை நூலகங்களின் வாசகர் வட்டங்களில் மாதம் ஒரு மாலையை எழுதுவதற்கென்று ஒதுக்கினால், அதற்குத் தனி நிதிகூடத் தேவைப்படாது. நாற்காலிகளும் மின்விசிறியும் ஏற்கெனவே இருக்கின்றன. பள்ளிகளில் அரையாண்டு விடுமுறைக்கு ஒரு பாடத்தையே பலமுறை எழுதிவரச் சொல்வதற்குப் பதிலாக, வீட்டிலுள்ள முதியவர் ஒருவர் சொல்லும் கதையை எழுதிவரச் சொல்லலாம். ஊரைவிட்டு வந்து நகர முதியோர் இல்லங்களில் இருப்பவர்களிடம் கேட்டு எழுத, கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களை அனுப்பலாம்.

எங்கள் நூலகத்தில் எழுதியவர்களில் மூவர், பெயரையும் ஊரையும் மாற்றி எழுதிய தம் கதைகளைத் தங்களுக்கு அனுப்ப இசைந்திருக்கிறார்கள். அந்தத் தென்னை விவசாயியும் அவர்களில் ஒருவர். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு வரி பதில் வந்தால், படிகளைப் பதிவு அஞ்சலில் அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பணி நிறைவு பெற்ற தமிழாசிரியை,
மன்னார்குடி.